செஸ்_ஐடி காட்டும் சாவியை வைத்து டிஎல்எஸ் கேப்சரைத் திறக்க முடியுமா?

கம்பிமுனை கேட்டது:

உபுண்டு 22.04, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2. லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு என்ஜின்எக்ஸ் டெஸ்ட் சர்வர்கள். பேலன்சர் டிசிபியை அப்படியே கடத்திவிடுகிறது. டிஎல்எஸ் முடிவது சர்வர்களில்தான். செஷன் மறுபயன்பாடு (முந்தைய இணைப்பின் ரகசியத்தைக் கொண்டு சுருக்கமாக மீண்டும் இணைவது) ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிசிபிடம்ப்பில் பிடித்த பாக்கெட்டுகளை (கேப்சர்) திறந்து உள்ளே ஓடும் எச்டிடிபியையும் பார்க்க வேண்டும். இரண்டும் எங்கள் சொந்த சர்வர்கள். கான்ஃபிக், பிரைவேட் கீ எல்லாம் கையில் இருக்கின்றன.

ஓட்டிய கட்டளைகள் (முதலாவது இணைந்து செஷனை ஃபைலில் எழுதும், இரண்டாவது அந்த ஃபைலைப் படித்துக் காட்டும்):

ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் டெஸ்ட்.எக்ஸாம்பிள்.காம்:443 -செஸ்_அவுட் செஷன்.பெம் < /டெவ்/நல்
ஓப்பன்எஸ்எஸ்எல் செஸ்_ஐடி -இன் செஷன்.பெம் -நோஅவுட் -டெக்ஸ்ட்

முதல் கட்டளைக்குப் பிறகு செஷன்.பெம் சில நேரம் உருவாகிறது, சில நேரம் உருவாவதே இல்லை. பிழைச் செய்தியும் கிடையாது. -டிஎல்எஸ்1_2 சேர்த்தால் ஒவ்வொரு முறையும் வருகிறது. 1.2 ஃபைலில் 'மாஸ்டர்-கீ' என்ற வரி இருக்கிறது, 1.3 ஃபைலில் அந்த இடத்தில் 'ரிசம்ப்ஷன் பிஎஸ்கே' என்று இருக்கிறது.

-அவுட்ஃபார்ம் என்எஸ்எஸ் கொடுத்து வந்த வரியை ஒரு ஃபைலில் போட்டு வயர்ஷார்க்கின் டிஎல்எஸ் செட்டிங்கில் காட்டினேன். 1.2 கேப்சரும் திறக்கவில்லை, 1.3 கேப்சரும் திறக்கவில்லை. சர்வரின் பிரைவேட் கீயைக் கொடுத்தும் பயனில்லை. எங்கே இடிக்கிறது?


முடிச்சவிழ்ப்பான் பதில்:

1.2, 1.3 இரண்டிலும் 'செஷன்' என்றே பெயர். ஆனால் ஃபைலுக்குள் சேமிக்கப்படும் பொருள் வேறு. உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து நிற்கின்றன. கேப்சரைத் திறப்பதை அடுத்து வருபவர் சொல்லட்டும். நான் ஃபைலைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபைல் ஏன் சில நேரம் வருவதில்லை என்றால், 1.2-ல் சர்வர் டிக்கெட்டை (மறு இணைப்பில் கிளையன்ட் திருப்பிக் காட்டும் சீட்டு) ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) முடிவதற்குள்ளேயே, தன் ஃபினிஷ்டு செய்திக்கு முன்னால் அனுப்பிவிடும். 1.3-ல் டிக்கெட் வருவது ஹேண்ட்ஷேக் முடிந்த பிறகு. கிளையன்ட்டின் ஃபினிஷ்டு போய்ச் சேர்ந்து, அதன் பின் சர்வர் டிக்கெட்டை அனுப்பி, அது நம் பக்கம் வந்து சேர வேண்டும். நீங்கள் /டெவ்/நல்-ஐ உள்ளீடாகக் கொடுத்ததால் ஹேண்ட்ஷேக் முடிந்த கையோடு எஸ்_கிளையன்ட் இணைப்பை மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பக்கத்து மெஷினாக இருந்தால் டிக்கெட் முந்திக்கொள்ளலாம், தூரத்து சர்வராக இருந்தால் வாய்ப்பு குறைவு. செஸ்_அவுட் ஃபைலை எழுதுவதே டிக்கெட் வந்ததும் ஓடும் ஒரு கால்பேக்தான். டிக்கெட் வரவில்லை என்றால் ஃபைலும் இல்லை. அதைப் பிழையாகவும் அது கருதுவதில்லை, அதனால்தான் வாயைத் திறப்பதில்லை.

எனவே இரண்டு விநாடி தாமதம் கொடுங்கள்:

(ஸ்லீப் 2; எக்கோ க்யூ) | ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் டெஸ்ட்.எக்ஸாம்பிள்.காம்:443 -டிஎல்எஸ்1_3 -செஸ்_அவுட் செஷன்.பெம்

வரியின் முதல் எழுத்தாகப் பெரிய க்யூ வந்தால் எஸ்_கிளையன்ட் மூடிக்கொள்ளும். திரையில் 'போஸ்ட்-ஹேண்ட்ஷேக் நியூ செஷன் டிக்கெட் அரைவ்டு' என்ற வரியைப் பார்த்தால்தான் ஃபைல் எழுதப்பட்டதாகப் பொருள். ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர் வழக்கமாக முழு ஹேண்ட்ஷேக்குக்கு இரண்டு டிக்கெட் அனுப்பும், ஆகவே அந்த வரி இரண்டு முறை வரும். இரண்டாவது டிக்கெட் முதலாவதன் மேலேயே எழுதப்படுவதால் ஃபைலில் மிஞ்சுவது கடைசி டிக்கெட் மட்டும்.

இனி செஸ்_ஐடி காட்டுவதைப் படிப்போம். 'ப்ரோட்டோகால்', 'சைஃபர்' பெயரிலேயே விளங்கும். 'செஷன்-ஐடி'யில் ஒரு சூட்சுமம் உண்டு: டிக்கெட் வந்த இணைப்பு என்றால் அந்த ஐடி சர்வர் கொடுத்ததே அல்ல. டிக்கெட்டை எஸ்எச்ஏ-256 ஹாஷ் செய்து கிளையன்ட் தானே வைத்துக்கொள்ளும் பெயர் அது. இதை நினைவில் வையுங்கள், கேப்சர் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 'செஷன்-ஐடி-சிடிஎக்ஸ்' கிளையன்ட் ஃபைலில் காலியாக இருக்கும், அது சர்வர் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் சங்கதி.

'டைம்அவுட் : 7200' என்பதைப் பார்த்து டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும் என்று எண்ண வேண்டாம். அது ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் இயல்பு மதிப்பு. சர்வர் சொன்னது 'டிஎல்எஸ் செஷன் டிக்கெட் லைஃப்டைம் ஹின்ட்' வரியில் இருக்கிறது. என்ஜின்எக்ஸில் எஸ்எஸ்எல்_செஷன்_டைம்அவுட் தொடப்படாமல் இருந்தால் அது 5 நிமிடம், அதாவது 300 விநாடி. 'ஸ்டார்ட் டைம்' யூனிக்ஸ் விநாடிக் கணக்கில் வரும்; டேட் -டி @எண் என்று கொடுத்தால் நாள், நேரமாக மாறும். ஸ்டார்ட் டைமோடு ஹின்ட்டைக் கூட்டினால் வரும் நேரம் தாண்டிவிட்டது என்றால் மறுபயன்பாட்டைச் சோதிப்பது வீண். தாண்டிய பிறகு 1.3-ல் கிளையன்ட் அந்த டிக்கெட்டை நீட்டவே நீட்டாது, 1.2-ல் நீட்டும், சர்வர் நிராகரிக்கும். இரண்டிலும் நமக்குத் தெரிவது 'நியூ' என்ற ஒரே சொல்தான்.

அடுத்த இணைப்பில் -செஸ்_இன் செஷன்.பெம் கொடுத்தால், மறுபயன்பாடு நடந்திருந்தால் 'ரீயூஸ்டு, டிஎல்எஸ்வி1.3, சைஃபர் இஸ்...' என்றும் இல்லையென்றால் 'நியூ' என்றும் வரும். -ரீகனெக்ட் ஆப்ஷனை 1.3 சோதனைக்கு நம்பாதீர்கள். அது ஹேண்ட்ஷேக் முடிந்தவுடனேயே, டிக்கெட்டைப் படிக்கும் முன்பே இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி இணைகிறது. நல்ல சர்வரும் அதில் கெட்ட பெயர் வாங்கும். 1.2-க்கு அது இன்றும் சரியான கருவி: அதே செஷனோடு ஐந்து முறை இணைந்து காட்டும்.

மேக்கில் ஓட்டுபவர்கள் முதலில் வெர்ஷன் பாருங்கள். அதில் கூடவே வருவது லிப்ரெஎஸ்எஸ்எல். ஆப்ஷன்கள் ஒன்றுபோல் இருக்காது.


பதினாறுபைட் பதில்:

கேப்சர் பகுதி.

பிரைவேட் கீயை முதலில் ஓரம் வையுங்கள். பழைய ஆர்எஸ்ஏ கீ எக்ஸ்சேஞ்சில் மட்டும்தான் அது உதவும். இசிடிஎச்இ என்று தொடங்கும் சைஃபர்களில் பிரைவேட் கீயின் வேலை கையெழுத்து போடுவதோடு முடிந்தது. 1.3-ல் ஆர்எஸ்ஏ கீ எக்ஸ்சேஞ்சையே தூக்கிவிட்டார்கள். ஆகவே கீயைக் கொடுத்துக் கேப்சர் திறக்கும் பழைய பாடங்கள் எதுவும் உங்கள் சர்வருக்குப் பொருந்தாது.

செஸ்_ஐடியின் என்எஸ்எஸ் வடிவம் ஒரே வரிதான்: 'ஆர்எஸ்ஏ செஷன்-ஐடி:... மாஸ்டர்-கீ:...'. வயர்ஷார்க் இந்த வரியைப் படிக்கும், வடிவத்தில் தவறில்லை. ஆனால் எந்த இணைப்புக்கு எந்தச் சாவி என்று அது பொருத்துவது செஷன்-ஐடியை வைத்து. டிக்கெட் கொடுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர் 1.2-ன் முதல் இணைப்பில் சர்வர் ஹலோவில் செஷன்-ஐடியைக் காலியாக விட்டுவிடும். உங்கள் ஃபைலில் இருக்கும் ஐடியோ, மேலே சொன்னபடி, கிளையன்ட் டிக்கெட்டிலிருந்து கணக்கிட்டது. அந்த எண் கேப்சருக்குள் எங்குமே இல்லை, பிறகு எப்படிப் பொருந்தும்? சாவி சரியாகவே இருந்தும் திறக்காததற்குக் காரணம் இது.

வழி இரண்டு. எஸ்_கிளையன்ட்டில் -நோ_டிக்கெட் கொடுங்கள். சர்வரில் செஷன் கேஷ் இருந்தால் உண்மையான செஷன்-ஐடி ஒன்றைக் கொடுக்கும், என்எஸ்எஸ் வரி அதோடு பொருந்திவிடும். இல்லையென்றால் ஐடியை விட்டுவிட்டு கிளையன்ட் ரேண்டமைப் பிடியுங்கள். அது கிளையன்ட் ஹலோவில் (கிளையன்ட்டின் முதல் செய்தி) மறைக்கப்படாமலே போகிறது. வயர்ஷார்க்கின் கட்டளை வரி வடிவமான டீஷார்க்கில் எடுக்கலாம்:

டீஷார்க் -ஆர் கேப்.பிகேப் -ஒய் 'டிஎல்எஸ்.ஹேண்ட்ஷேக்.டைப் == 1' -டி ஃபீல்ட்ஸ் -இ டிஎல்எஸ்.ஹேண்ட்ஷேக்.ரேண்டம்

வரும் எண்ணில் 64 ஹெக்ஸ் இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 56 வந்தால் ரேண்டம்_பைட்ஸ் என்ற வேறு ஃபீல்டை எடுத்திருக்கிறீர்கள். அது நேரத்துக்கான முதல் 4 பைட்டை விட்டுவிட்ட 28 பைட். 64 சரியாக இருந்தால் கையாலேயே ஒரு வரி எழுதலாம்: 'கிளையன்ட்_ரேண்டம்', இடைவெளி, அந்த 64 இலக்கம், இடைவெளி, செஸ்_ஐடி காட்டிய மாஸ்டர்-கீயின் 96 இலக்கம். இதைக் கீலாக் ஃபைலாக (இணைப்புகளின் ரகசியங்களை வரிவரியாக வைக்கும் ஃபைல்) கொடுத்தால் 1.2 கேப்சர் திறக்கும். அதே செஷனை மறுபயன்படுத்திய பிந்தைய இணைப்புகளுக்கும் மாஸ்டர்-கீ அதேதான், ரேண்டம் மட்டும் மாறும். இணைப்புக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டே போகலாம்.

1.3-ல் இந்த வித்தை எதுவும் செல்லாது. ரிசம்ப்ஷன் பிஎஸ்கே (மறு இணைப்புக்காக முன்கூட்டியே பகிர்ந்த சாவி) என்பது அந்த இணைப்பின் ரகசியத்திலிருந்து ஒருவழியாக இறக்கப்பட்டது. அதிலிருந்து மேலே ஏறி, நடந்து முடிந்த இணைப்பின் டிராஃபிக் சாவிகளைப் பெற முடியாது. வம்பு என்னவென்றால் -அவுட்ஃபார்ம் என்எஸ்எஸ் இதைக் கண்டுகொள்ளாமல் பிஎஸ்கேயையே 'மாஸ்டர்-கீ' என்ற பெயரில் அச்சடித்துக் கொடுக்கும். ஏஇஎஸ்_256_ஜிசிஎம்_எஸ்எச்ஏ384 சைஃபர் என்றால் நீளமும் 48 பைட், நிஜ மாஸ்டர் கீ போலவே. பார்த்தால் சந்தேகமே வராது, திறக்கவும் திறக்காது.

அந்த பிஎஸ்கேயை வைத்து அடுத்து நடக்கும் மறு இணைப்பையாவது திறக்கலாமா என்றால் அதுவும் ஆகாது. ஓப்பன்எஸ்எஸ்எல் வழக்கமாக பிஎஸ்கேயோடு புதிய டிஃபி-ஹெல்மனையும் சேர்த்தே செய்கிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: 0-ஆர்டிடி, அதாவது ஏர்லி டேட்டா. அதன் சாவி பிஎஸ்கேயிலிருந்து மட்டுமே வருவதால் பிஎஸ்கே கசிந்தால் அந்தத் துண்டு வெளியே வந்துவிடும். செஸ்_ஐடி வெளியீட்டின் கடைசியில் இருக்கும் 'மேக்ஸ் ஏர்லி டேட்டா' 0 என்றால் அந்தக் கவலை இல்லை.

ஆகவே 1.3-க்கு நேர்வழி கீலாக். எஸ்_கிளையன்ட்டில் 1.1.1 வெர்ஷனிலிருந்தே -கீலாக்ஃபைல் ஆப்ஷன் இருக்கிறது:

டிசிபிடம்ப் -ஐ ஈத்0 -எஸ் 0 -டபிள்யூ கேப்.பிகேப் டிசிபி போர்ட் 443
(ஸ்லீப் 2; எக்கோ க்யூ) | ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் டெஸ்ட்.எக்ஸாம்பிள்.காம்:443 -கீலாக்ஃபைல் கீ.லாக்
டீஷார்க் -ஆர் கேப்.பிகேப் -ஓ டிஎல்எஸ்.கீலாக்_ஃபைல்:கீ.லாக் -க்யூ -இசட் ஃபாலோ,டிஎல்எஸ்,ஆஸ்கி,0

டிசிபிடம்ப்பை முதலில், தனி டெர்மினலில் தொடங்குங்கள். கிளையன்ட் ஹலோ கேப்சரில் இல்லை என்றால் எத்தனை சாவி இருந்தாலும் பொருத்த வழியில்லை. நடுவில் ஒரு பாக்கெட் தவறினாலும் சிக்கல்: 1.3-ல் ஒவ்வொரு ரெக்கார்டின் நான்ஸும் (ஒரே ஒரு முறை பயன்படும் எண்) வரிசை எண்ணிலிருந்து வருவதால் எண்ணிக்கை பிசகினால் அதற்குப் பின்னால் வருவது திறக்காது. கீ.லாக் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும், பழையதை அழிக்காது, அது வசதிதான்.

கீ.லாக்கைத் திறந்து பார்த்தாலே எந்த வெர்ஷன் ஓடியது என்று தெரியும். 1.2 என்றால் இணைப்புக்கு ஒரு கிளையன்ட்_ரேண்டம் வரி. 1.3 என்றால் கிளையன்ட்_ஹேண்ட்ஷேக்_டிராஃபிக்_சீக்ரெட், சர்வர்_ஹேண்ட்ஷேக்_டிராஃபிக்_சீக்ரெட், கிளையன்ட்_டிராஃபிக்_சீக்ரெட்_0, சர்வர்_டிராஃபிக்_சீக்ரெட்_0 என்று வரிசையாக இருக்கும். ஹேண்ட்ஷேக் சீக்ரெட் இல்லாமல் டிராஃபிக் சீக்ரெட் மட்டும் இருந்தால் சர்டிஃபிகேட்டைப் பார்க்க முடியாது, 1.3-ல் அதுவும் மறைத்தே போகிறது.

எஸ்_கிளையன்ட்டுக்கு வெளியே கர்ல், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகியவற்றுக்கு எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை வைத்தால் போதும். உங்கள் 3.0.2-ன் எஸ்_கிளையன்ட் அதைப் பார்க்காது, ஆப்ஷன்தான் வேண்டும். பழைய வயர்ஷார்க் வைத்திருப்பவர்களுக்கு: 3.0-க்கு முன்னால் 'டிஎல்எஸ்.' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் 'எஸ்எஸ்எல்.' என்று இருந்தன. 8443 போன்ற போர்ட்டில் திறந்த பிறகும் எச்டிடிபி என்று அடையாளம் காணாவிட்டால் -டி டிஎல்எஸ்.போர்ட்==8443,எச்டிடிபி என்று சொல்லிக்கொடுங்கள்.


கம்பிமுனை எழுதியது:

இருவருக்கும் நன்றி. கிளையன்ட்_ரேண்டம் வரியைக் கையால் எழுதியதும் 1.2 கேப்சர் திறந்துவிட்டது. 1.3-ம் கீலாக்கோடு திறக்கிறது. தாமதம் கொடுத்த பிறகு செஷன்.பெம் தவறாமல் வருகிறது.

மிச்சம் இருப்பது மறுபயன்பாடு. 10.0.0.11-ஐ நேராகத் தொட்டு அங்கேயே திரும்பினால் 'ரீயூஸ்டு'. 10.0.0.12-ம் தனியாக அப்படியே. பேலன்சர் வழியாகப் போனால் ஒரு முறை 'ரீயூஸ்டு', ஒரு முறை 'நியூ'. கிளையன்ட் டிக்கெட்டை நீட்டவில்லையா, சர்வர் மறுக்கிறதா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எஸ்எஸ்எல்_செஷன்_டிக்கெட்_கீ எதுவும் கான்ஃபிக்கில் இல்லை.


முடிச்சவிழ்ப்பான் பதில்:

கடைசி வாக்கியத்திலேயே விடை கிடக்கிறது, இருந்தாலும் உறுதி செய்துகொள்வோம்.

யார் மறுக்கிறார்கள் என்பதற்குச் சாவியே வேண்டாம். 1.3-ல் பிஎஸ்கே நீட்டுவதும் ஏற்பதும் ஹலோ செய்திகளில் வெளிப்படையாகப் போகின்றன. எக்ஸ்டென்ஷன் எண் 41. 'டிஎல்எஸ்.ஹேண்ட்ஷேக்.எக்ஸ்டென்ஷன்.டைப் == 41' என்று வடிகட்டுங்கள். கிளையன்ட் ஹலோவிலேயே 41 இல்லை என்றால் கிளையன்ட் நீட்டவில்லை: டிக்கெட் காலாவதி ஆகியிருக்கலாம். கிளையன்ட் ஹலோவில் இருந்து சர்வர் ஹலோவில் இல்லை என்றால் சர்வர் தள்ளிவிட்டது. 1.2-ல் பார்க்க வேண்டிய எண் 35. அது எப்போதும் இருக்கும், நீளம் 0 என்றால் 'எனக்கு டிக்கெட் வேண்டும்' என்று பொருள், 0-க்கு மேல் என்றால் 'இதோ என் டிக்கெட்'.

அடுத்து இரண்டு சர்வரும் ஒரே டிக்கெட் கீயில் ஓடுகின்றனவா என்று கிளையன்ட் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். செஸ்_ஐடியின் மிகப் பயனுள்ள பகுதி என் கணக்கில் இதுதான், பலரும் இதை ஹெக்ஸ் குப்பை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். டிக்கெட்டின் முதல் 16 பைட் கீயின் பெயர். அது மறைக்கப்படுவதில்லை, ஏனென்றால் எந்தக் கீயை எடுத்து டிக்கெட்டைத் திறப்பது என்று சர்வருக்கே தெரிய வேண்டுமே. அதன் பின் 16 பைட் ஐவி (மறைப்பின் தொடக்க மதிப்பு), பிறகு மறைக்கப்பட்ட செஷன், கடைசியில் எம்ஏசி (டிக்கெட் திருத்தப்படவில்லை என்று காட்டும் முத்திரை). செஸ்_ஐடி வரிக்கு 16 பைட்டாக அச்சடிப்பதால் '0000 -' என்று தொடங்கும் முதல் வரி முழுக்க கீயின் பெயர்தான்.

ஒவ்வொரு சர்வரையும் ஐபி முகவரியில் தொட்டு, -சர்வர்நேம் டெஸ்ட்.எக்ஸாம்பிள்.காம் சேர்த்து, ஏ.பெம், பி.பெம் என்று இரண்டு ஃபைல் எடுங்கள். -சர்வர்நேம் விட்டுப்போனால் எஸ்என்ஐ (எந்த சர்வர் வேண்டும் என்று கிளையன்ட் சொல்லும் பெயர்) போகாது, வேறு சர்வர் பிளாக்கின் டிக்கெட் வந்து குழப்பும். பிறகு:

ஓப்பன்எஸ்எஸ்எல் செஸ்_ஐடி -இன் ஏ.பெம் -நோஅவுட் -டெக்ஸ்ட் | கிரெப் '0000 -'

பி.பெம்முக்கும் இதையே. இரண்டு வரியும் ஒன்றாக இல்லை என்றால் கீ வேறு வேறு, 11 கொடுத்த டிக்கெட்டை 12 திறக்க முடியாது. கான்ஃபிக்கில் கீ இல்லாதபோது ஒவ்வொரு மெஷினும் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், உங்களுக்கு நடப்பது அதுவே.

டிக்கெட் மொத்தமே இரண்டு வரி, 32 பைட் என்று வந்தால் கதை வேறு. 1.3-ல் எஸ்எஸ்எல்_செஷன்_டிக்கெட்ஸ் ஆஃப் செய்த சர்வரும் டிக்கெட் என்ற பெயரில் ஒன்றை அனுப்பும். அதன் உள்ளே இருப்பது கேஷில் தேடுவதற்கான ஐடி மட்டுமே. அந்தக் கேஷ் ஒரே மெஷினுக்குள் இருப்பது, இரண்டு என்ஜின்எக்ஸும் அதைப் பகிர்ந்துகொள்ளாது. அங்கே கீயை ஒன்றாக்கியும் பயனில்லை.

தீர்வு: ஓப்பன்எஸ்எஸ்எல் ரேண்ட் 80 > டிக்கெட்.கீ. அளவு 80 பைட் என்றால் ஏஇஎஸ்-256, 48 என்றால் ஏஇஎஸ்-128. வேறு அளவை என்ஜின்எக்ஸ் ஏற்காது. அதே ஃபைலை இரண்டு மெஷினிலும் வைத்து, ரூட் உரிமையில் 600 கொடுத்து, எஸ்எஸ்எல்_செஷன்_டிக்கெட்_கீ வரியில் காட்டி ரீலோடு செய்யுங்கள். சரியான ஃபைல்தான் ஏறியதா என்று பார்க்க, எக்ஸ்எக்ஸ்டி -எல் 16 டிக்கெட்.கீ என்று ஓட்டுங்கள். அந்த 16 பைட்டும் செஸ்_ஐடியின் '0000 -' வரியும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். சர்வரில் புகாமலே கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டில் வைக்கத்தக்க சோதனை இது.

கீயை ஒரு முறை வைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். 1.2 டிக்கெட்டுக்குள் மாஸ்டர் கீயே இருக்கிறது. டிக்கெட் கீ கசிந்தால் யாரோ முன்பே பிடித்து வைத்த கேப்சர்கள் எல்லாம் திறக்கும், இசிடிஎச்இ போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். மாற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் உள்ள கீ மட்டுமே புதிய டிக்கெட் எழுதும், மற்றவை பழையதைப் படிக்க மட்டும். ஆகவே புதிய கீயை முதலில் எல்லா மெஷினிலும் இரண்டாவது இடத்தில் ஏற்றுங்கள். எல்லாம் ரீலோடு ஆன பிறகு முதலிடத்துக்கு மாற்றுங்கள். நேராக முதலிடத்தில் வைத்தால், ஒரு மெஷின் முந்தி மற்றது பிந்தும் அந்த இடைவெளியில் 'நியூ' மழைதான்.


வடகரை பதில்:

மேலே சொன்ன எல்லாம் செய்து, '0000 -' வரியும் ஒன்றான பிறகும் 'நியூ' வந்தால் சர்டிஃபிகேட்டைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் செஷன் ஐடி கான்டெக்ஸ்ட்டைக் கணக்கிடும்போது சர்வரின் சர்டிஃபிகேட்டையும் கிளையன்ட் சிஏ (சான்று வழங்குநர்) பட்டியலையும் சேர்த்தே ஹாஷ் செய்கிறது. அந்த மதிப்பு டிக்கெட்டுக்குள் போகிறது. 12 டிக்கெட்டைத் திறந்துவிடும், உள்ளே இருக்கும் கான்டெக்ஸ்ட் தன்னுடையதாக இல்லை என்று பார்த்து, சத்தமில்லாமல் முழு ஹேண்ட்ஷேக்குக்குப் போய்விடும். முன்னால் முடிச்சவிழ்ப்பான் சொன்ன செஷன்-ஐடி-சிடிஎக்ஸ் இதுதான். கிளையன்ட் பக்கம் காலியாக இருப்பதால் செஸ்_ஐடியில் நேராகத் தெரியாது.

ஆனால் சுற்றி வந்து பிடிக்கலாம். செஷன் ஃபைலுக்குள் சர்வரின் சர்டிஃபிகேட் இருக்கிறது:

ஓப்பன்எஸ்எஸ்எல் செஸ்_ஐடி -இன் ஏ.பெம் -செர்ட் | ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -நோஅவுட் -ஃபிங்கர்பிரின்ட் -எஸ்எச்ஏ256

முதல் பாதியில் -நோஅவுட் சேர்க்காதீர்கள், சேர்த்தால் சர்டிஃபிகேட்டும் வெளியே வராது, இரண்டாம் பாதி காலி உள்ளீட்டைப் பார்த்துப் புலம்பும். ஏ, பி இரண்டின் கைரேகையும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு மெஷினும் தனித்தனியாக சர்டிஃபிகேட் புதுப்பித்துக்கொள்ளும் அமைப்பில் பெயர் ஒத்தே இருக்கும், சர்டிஃபிகேட் மட்டும் வேறாக இருக்கும்.

இன்னொன்று: -செஸ்_இன் கொடுத்த இணைப்பில் சர்டிஃபிகேட் சோதிக்காதீர்கள். மறுபயன்பாட்டில் சர்வர் சர்டிஃபிகேட் அனுப்புவதே இல்லை. திரையில் வருவது செஷன் ஃபைலில் இருந்த பழைய பிரதி, 'வெரிஃபை ரிட்டர்ன் கோட்' கூட அன்றைய முடிவுதான்.

கீ.லாக்கையும் செஷன்.பெம்மையும் உதவி கோரும் (சப்போர்ட்) டிக்கெட்டில் பகிரும் முன் ஒரு வார்த்தை. வேறொருவருக்குக் கேப்சர் அனுப்ப வேண்டியிருந்தால் கீலாக்கை முழுதாகக் கொடுக்காமல், தேவையான இணைப்பின் வரிகளை மட்டும் தனி ஃபைலில் எடுத்து, எடிட்கேப் --இன்ஜெக்ட்-சீக்ரெட்ஸ் டிஎல்எஸ்,சில.லாக் கேப்.பிகேப் வெளி.பிகேப்என்ஜி என்று ஓட்டுங்கள். சாவி கேப்சருக்குள்ளேயே ஏறிவிடும். வாங்குபவர் வயர்ஷார்க் 3.0-க்கு மேல் வைத்திருந்தால் எந்த செட்டிங்கும் இல்லாமல் திறக்கும்.


கம்பிமுனை எழுதியது:

'0000 -' வரிகள் வேறு வேறாகத்தான் இருந்தன. 80 பைட் கீ ஏற்றியதும் ஒன்றாகிவிட்டன, எக்ஸ்எக்ஸ்டியோடும் ஒத்துப்போகின்றன. அப்போதும் 'நியூ' நிற்கவில்லை. கைரேகை பார்த்தால் இரண்டு சர்வரிலும் வேறு வேறு சர்டிஃபிகேட். ஒரே சர்டிஃபிகேட்டை இரண்டிலும் வைத்து ரீலோடு செய்தபின் பேலன்சர் வழியாக எப்போதும் 'ரீயூஸ்டு'. ஆனால் ரீலோடு ஆன கொஞ்ச நேரம் எல்லாக் கிளையன்ட்டும் முழு ஹேண்ட்ஷேக் செய்தன. இது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நடக்குமா?


வடகரை பதில்:

நடக்கும். சர்டிஃபிகேட் மாறினால் கான்டெக்ஸ்ட் மாறும், கையில் இருக்கும் பழைய டிக்கெட்டுகள் எல்லாம் ஒரு முறை தள்ளப்படும். கிளையன்ட்டுக்கு ஒரு முழு ஹேண்ட்ஷேக், அதோடு புதிய டிக்கெட் கிடைத்துவிடும். சிபியு வரைபடத்தில் ஒரு சிறு மேடு தெரியும், பிழை எதுவும் வராது. இரண்டு மெஷினையும் அடுத்தடுத்து ரீலோடு செய்யுங்கள். ஒன்று இன்று, மற்றது நாளை என்று விட்டால் அந்த ஒரு நாள் முழுக்க பழைய நிலைமைதான்.